செவ்வாழையில் தெரிந்த கோடு

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, ஒரு பூவன் வாழைக் கூட்டம் இருந்தது. புயல் வந்து டவுன்ஷிப்பின் பாதி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, வெறிச்சென்று கிடந்த இடத்தில் நான் வைத்தது. நான் சொல்லும் வருடத்தில் அதில் குலை தள்ளிய மரம் ஒன்று, தள்ளப்போகும் மரம் இரண்டு, கன்றுகள் நான்கு. குலையில் ஒன்பது சீப்பு. கடைசிச் சீப்பில் இரண்டு காய்கள் ஒட்டிப் பிறந்தவை. அவற்றை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பது எனக்கும் என் மனைவிக்கும் தீராத வழக்கு.

அந்த வாழைக்குள் வைரஸ் இருக்கிறது என்று ஒரு நாள் காலை என் மருமகள் சொன்னாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் காபி டம்ளரை வைத்துவிட்டு நேரே வாழையிடம் போய்விட்டேன். ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சளும் இல்லை, புள்ளியும் இல்லை. எல்லா இலைகளும் என்னைவிட நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன.

"நோய் இல்ல மாமா," என்றாள் அவள், பின்வாசலில் நின்று சிரித்துக்கொண்டு. "உள்ள எழுத்தா இருக்கு."

அவள் அப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். என் மகன் டவுன்ஷிப்பின் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போகிறவன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவான். ஆகவே அவளுடைய ஆராய்ச்சியைக் காது கொடுத்துக் கேட்கும் வேலை, ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்கு வந்து சேர்ந்தது. நான் சுரங்கத்தின் டைம் ஆபீசில் ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களை எண்ணி முடியை நரைக்க வைத்துக்கொண்டவன். கணிதத்தில் பட்டம் வாங்கிய எனக்கு அங்கே வாய்த்த கணிதம் கூட்டல் மட்டும்தான். அதனால் யாராவது பெரிய எண்களைச் சொன்னால் எனக்கு ஒரு கிளுகிளுப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு அவளும் எண்களாகவே சொல்வாள்.

ஒரு வாழையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், அந்த வாழையை எப்படிச் செய்வது என்று ஐம்பது கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளில் எழுதி வைத்திருக்கிறதாம். எழுத்து வகை நான்கே நான்கு. அவற்றையே மாற்றி மாற்றி. வாழையைத் தாக்கும் ஒரு வைரஸுக்கோ ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துதான். மனிதன் வாழையை நட்டு வளர்க்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பு, ஏதோ ஒரு காட்டு வாழைக்குள் புகுந்த வைரஸ் தன் எழுத்துகளை வாழையின் எழுத்துகளுக்கு நடுவே செருகிவிட்டது. அது கன்றுக்குக் கன்று நகலாகி நகலாகி எங்கள் துவைக்கும் கல் வரை வந்துவிட்டது. ஒழுங்காகவும் வரவில்லை. துண்டு துண்டாக, சில இடத்தில் தலைகீழாக, சில இடத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு. பெரும்பாலும் சும்மா கிடக்கும். வாழை மிகவும் வாடி வதங்கினால் எப்போதாவது விழித்துக்கொண்டு, இலையில் மஞ்சள் கீற்றாக வெளியே வரும்.

கான்ட்ராக்டில் வந்து பெர்மனென்ட் ஆனவன் என்று சொல்லேன், என்றேன் நான். டவுன்ஷிப்பில் ஒரு விஷயத்தை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. எத்தனையோ பேர் வருடக்கணக்கில் காத்து நின்றும் கிடைக்காத ஆர்டர் ஒரு வைரஸுக்குக் கிடைத்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். மருமகள் ரசித்தாள். கருத்தரங்கில் சொல்ல முடியாது, ஆனால் நன்றாக இருக்கிறது என்றாள்.

என் மனைவி ரசிக்கவில்லை. எதிர் வீட்டுக்குக் கொடுத்த சீப்பைத் திரும்பக் கேட்கலாமா என்ற யோசனையில் இருந்தாள். பயமே வேண்டாம், இந்த மாதிரிப் பழைய வைரஸ் எழுத்துகள் மனிதருக்குள்ளும் உண்டு என்று மருமகள் சமாதானம் சொன்னாள்.

"இவருக்குள்ள இருக்கும்," என்றாள் என் மனைவி என்னைக் காட்டி. "எனக்கு என்ன வந்தது?"

எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் தேடுவது மருமகளின் வேலையில் முதல் பாதி. வைரஸின் எழுத்துகளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, வாழையின் ஐம்பது கோடியில் இதைப் போன்றது எங்கெங்கே இருக்கிறது என்று தேட வைப்பாள். கூடத்து மேஜையில் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும். கிடைத்த இடங்களை எண்ணிச் சொல்வது என் பொறுப்பு என்று நானாக எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரே எண்ணிவிடும் என்றாள் அவள். கம்ப்யூட்டர் எண்ணியதை யார் எண்ணுவது என்று கேட்டேன். அவள் எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இரண்டாவது பாதி, திரையில் கண்டது உண்மையான இலையிலும் இருக்கிறது என்று காட்டுவது. அங்கேதான் ஒரு நுட்பம். வைரஸ் மட்டும் தெரிந்தால் போதாது. அது வெளியிலிருந்து தொற்றி வந்ததாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே அவள் தேடியது ஒரு கால் வைரஸிலும் இன்னொரு கால் வாழையிலும் வைத்து நிற்கும் எழுத்துத் துண்டை. அது கிடைத்துவிட்டால், வைரஸ் வாழைக்குள் குடியேறிவிட்டது நிச்சயம். இலையை அரைத்து, அந்தத் துண்டை மட்டும் பல மடங்கு பெருக்கி, ஒரு பசைத் தகட்டில் ஓட விட்டால், இருக்கிற இடத்தில் வெளிச்சமாக ஒரு கோடு தெரியும். இல்லாத இடம் இருட்டாக இருக்கும்.

நம் வாழைகளுக்குக் காட்டு வம்சம் இரண்டு. அவள் தேடிய துண்டு அதில் ஒரு வம்சத்தில்தான் உண்டு. பூவன், மொந்தன், கற்பூரவல்லி எல்லாவற்றிலும் அந்த வம்சம் கலந்திருக்கிறது. அவற்றில் கோடு வர வேண்டும். செவ்வாழை முழுக்க மற்ற வம்சம். அதில் கோடு வரக் கூடாது. செவ்வாழை இருட்டாக இருந்தால்தான் மற்றவற்றின் வெளிச்சத்தை உலகம் நம்பும்.

எங்கள் பக்கம் செவ்வாழை அபூர்வம். ஆனால் எங்கள் சம்பந்தி வீட்டில் இருந்தது. மருமகளின் அப்பா சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் விவசாயி. நெல்லும் கரும்பும் போக, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கொஞ்சம் வாழை வைத்திருந்தார். அதில் செவ்வாழை வந்தது என் மனைவியால். அவள் நாகர்கோவில்காரி. கல்யாண நிச்சயத்துக்குத் தட்டுகளோடு தன் ஊர்ச் செவ்வாழைக் கன்று ஒன்றையும் வரவழைத்துக் கொண்டுபோனாள். வெற்றிலை பாக்குக்கு நடுவே சேற்றுக் கிழங்கோடு ஒரு கன்றைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் திகைத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர் அதைப் பெண்ணைவிடப் பத்திரமாக வளர்த்தார்.

இலை வரும் வழியை மருமகள் இப்படி ஏற்பாடு செய்தாள். அப்பா விடியற்காலையில் செவ்வாழை இலையில் உள்ளங்கை அகலத் துண்டுகளை நறுக்கி, அவள் கொடுத்திருந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை அழுத்தி மூட வேண்டும். அதை முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டு வந்து அவள் கையில் சேர்ப்பேன். ஆய்வுக்கூடத்தில் இலையின் மேற்புறத்தைத் துடைத்துவிட்டு அரைப்பாள்.

சம்பந்தி இந்த வேலையை மிகவும் பெருமையாக எடுத்துக்கொண்டார். போனில் என்னைச் சீண்டுவதற்கும் அது வசதியாக இருந்தது. "எங்க நெலத்துக்கு அடியில என்னா இருக்குதுன்னு உங்க ஆளுங்க பாத்துக்கினு இருக்காங்க. வாழைக்கு உள்ள என்னா இருக்குதுன்னு உங்க மருமவ பாத்துக்கினு இருக்குது. எங்களுக்குன்னு எதையாவது மூடி வப்பீங்களா சம்பந்தி?" என்பார். நான் சுரங்கத்தில் மண்வெட்டியைத் தொட்டதே இல்லை, ஆள் எண்ணியதோடு சரி என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவருக்கு நான்தான் சுரங்கம்.

முதல் இலை வந்தது. கோடும் வந்தது. பூவனில் கோடு, மொந்தனில் கோடு, செவ்வாழையிலும் மங்கலாக ஒரு கோடு.

கை தவறியிருக்கும் என்று அவள் மறுபடி செய்தாள். மறுபடி வந்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டே வாக்கியம் சொன்னாராம். உன் செவ்வாழை சுத்தமான செவ்வாழை இல்லை. இல்லாவிட்டால் உன் கை சுத்தமில்லை.

அன்று சாயங்காலம் அவள் வந்து இதைச் சொன்னபோது வீட்டில் இரண்டு பேருக்குக் கோபம் வந்தது. அவளுக்குத் தன் கையைப் பற்றிச் சொன்னது. என் மனைவிக்குத் தன் ஊர்ச் செவ்வாழையைப் பற்றிச் சொன்னது. அந்தப் பேராசிரியர் நாகர்கோவில் பக்கம் வந்திருக்கிறாரா, கோட்டாறு சந்தையில் ஒரு பழம் வாங்கித் தின்றிருக்கிறாரா என்று கேட்டாள். அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு வந்து கேட்டாள் என்பதால் விஷயம் தீவிரம் என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் உண்மையில் எது கைவிட்டுப் போகக் காத்திருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மருமகளின் உதவித்தொகை அந்தப் பருவத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். செவ்வாழை இருட்டாகாவிட்டால், அந்த முழு அத்தியாயத்தையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கம்ப்யூட்டர் தேடல்தான். அது ஒரு ஆய்வேட்டுக்குப் போதாது. டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை தரத் தயாராக இருந்தார்கள். அதில் சேர்ந்துகொண்டு ஆய்வை மெதுவாக முடித்துக்கொள்ளலாம் என்று அக்கறையோடு சொன்னவர்களும் இருந்தார்கள். மெதுவாக முடிப்பது என்றால் என்ன என்று எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். எதிர் வீட்டுக்காரர் மெதுவாகக் கட்டி முடிக்கப் போகும் வீட்டுக்கு வடலூரில் இன்னும் அஸ்திவாரம்தான் இருக்கிறது.

அவள் அப்பாவுக்குப் போன் செய்து, இலையில் ஏதோ கலந்துவிடுகிறது, இன்னும் கொஞ்சம் கவனமாக அனுப்பச் சொன்னாள். சம்பந்தி பதறிப்போனார். இன்னும் கவனமாக அனுப்பினார். இரண்டாவது இலையில் கோடு முன்னைவிடத் தெளிவாக வந்தது.

இதற்குப் பிறகு விசாரணையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. இலை செடியிலிருந்து ஆய்வுக்கூடம் போகும்வரை தொடும் கைகளை எண்ணினேன். சம்பந்தி, கண்டக்டர், நான், மருமகள். ஆள் நான்கு, கை எட்டு. நடுவில் எங்கள் வீட்டு பிரிஜ். இலை அதில் சற்று நேரம் இருக்கும். சம்பந்தியை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிட்டேன். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். என்னை விடுவித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் கையுறை போட்டுக்கொண்டுதான் இலையைத் தொடுகிறாள். மிஞ்சியது கண்டக்டரும் பிரிஜ்ஜும்.

கண்டக்டரைப் பற்றி எனக்கு வலுவான சந்தேகம் இருந்தது. ஒரு நாள் அவர் பூவன்பழம் தின்றுகொண்டே கவரை நீட்டியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். மருமகளிடம் சொன்னேன். பழத்தோல் பட்டால் கவரின் வெளியேதான் படும், உள்ளே போகாது மாமா என்றாள். அப்படியானால் பிரிஜ். திறந்து எண்ணினேன். வாழைப்பூ ஒன்று, நறுக்கிய வாழைத்தண்டு ஒரு பாத்திரம், பூவன்பழம் ஏழு. எட்டாவதை நான்தான் காலையில் எடுத்திருந்தேன்.

குற்றவாளி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆய்வு முடியும்வரை இந்த வீட்டுக்குள் வாழை சம்பந்தப்பட்ட எதுவும் வரக் கூடாது என்று அறிவித்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் பிரிஜ்ஜைக் காலி செய்து, சோடா உப்புப் போட்டுத் துடைத்தாள். அவள் பேசாமல் செய்யும் வேலைகளுக்குப் பின்னால் நான் பட வேண்டியது இருக்கும். அமாவாசையன்று அது வந்தது. படையலுக்கு வாழை இலை இல்லை. உங்கள் அப்பாவுக்கு எவர்சில்வர் தட்டில்தான் சோறு, வந்து பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள். நான் ஓடிப்போய் மந்தார இலை வாங்கி வந்தேன். காக்கை வெகு நேரம் வரவில்லை. வந்த இரண்டும் எங்கள் பூவன் மட்டையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தன. அவை மந்தார இலையைத்தான் குறை சொல்கின்றன என்று என் மனைவி முடிவுகட்டினாள்.

வாழை இல்லாத வீட்டுக்கு மூன்றாவது இலை வந்தது. இம்முறை சம்பந்தி தன் வாழ்நாளில் எதற்கும் எடுத்துக்கொள்ளாத கவனம் எடுத்துக்கொண்டதாகப் போனில் சொன்னார். மருமகள் அன்று வழக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பினாள். கைபேசியில் படத்தைக் காட்டினாள். செவ்வாழையின் கோடு பூவனின் கோட்டுக்குச் சமமாகப் பளபளத்தது.

"நாம கவனமா இருக்க இருக்கக் கூடிட்டே போகுது மாமா," என்றாள். அழவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, பள்ளிக்கூடத்தில் எப்போது சேரச் சொல்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டு வைக்கும்படி என்னிடம் சொன்னாள். வாழைப்பூ வாங்கலாமே அத்தை, இனி என்ன என்றாள் என் மனைவியிடம். என் மனைவி அப்போதும் வாங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்ய நான் மறந்துவிட்டேன். நான் மறப்பதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; யாரும் நினைவுபடுத்தவும் இல்லை.

கடைசியாக ஒரு முறை தானே போய் இலை எடுத்துப் பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் போனேன். இரவு தங்கி, விடியற்காலையில் அவளே நறுக்கி, நேராக ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போவது என்று திட்டம். சம்பந்திக்கு நாங்கள் வருவதில் ஒரே சந்தோஷம். கோழி அடித்தார்கள். சாப்பாடு மொந்தன் இலையில். இலை அகலமாக இருக்கிறது என்று நான் சொல்லப்போய், சம்பந்தி மறுநாளைக்குக் கொண்டுபோக ஒரு கட்டு இலை அறுப்பதாகச் சொன்னார். எங்கள் வீட்டு வாழைத் தடையைச் சொல்லி மறுத்தேன். வாழையிலை உள்ளே வராத வீட்டில் பெண்ணைக் கொடுத்திருக்கிறோமே என்று அவர் வருத்தப்பட்டார்.

வெயில் தாழ்ந்ததும் சம்பந்தி அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் செவ்வாழை இலைத் துண்டுகள். பொழுது விடியும் முன்பு கொல்லையில் பூச்சி பொட்டு இருக்கும், பெண் ஏன் கால் வைக்க வேண்டும் என்று தானே அறுத்துக்கொண்டு வந்துவிட்டார். மருமகள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து களத்தில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் கீழே உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு மொந்தன் இலையை விரித்தார். அதே அரிவாளால் அதன் நரம்பை மெலிதாகச் சீவி, இலை மடங்கும்படி செய்தார். செவ்வாழைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அதன் நடுவில் அடுக்கினார். ஒரு கைத் தண்ணீர் தெளித்தார். நாலாபக்கமும் மடித்து, மேலே இன்னொரு மொந்தன் இலையால் சுற்றி, நாரால் கட்டினார். கோயிலுக்குக் கொண்டுபோகும் பூப்பொட்டலம் போல அவ்வளவு லட்சணமாக இருந்தது. நார் வழியாகச் சாறு சொட்டியது.

மருமகள் முகத்தைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பவும் இப்படித்தான் வெப்பியாப்பா?"

"பின்ன? காலயில மொத பஸ்ஸு வரதுக்குள்ள கொல்லைக்குப் போயிட்டு வர முடியுமா? ராத்திரி தண்ணிப்பானை பக்கத்துல வச்சிட்டு, காலயில எடுத்து உன் கவர்ல போட்டுடுவேன். மல்லிப்பூவே சும்மா வச்சா வாடிடுது. இது நீ படிக்கிற எலை." பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "மொத வாட்டி ஒரு சுத்துதான் சுத்துனேன். நீ கவனமா அனுப்புன்னு சொன்ன ஒடனே ரெண்டு சுத்து. போன வாட்டி மூணு."

மூன்று சுற்று. நான் என் எட்டுக் கைகளையும் ஏழு பூவன்களையும் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாழைத் துண்டுகளின் வெட்டுவாய் ராத்திரி முழுக்க மொந்தன் சாற்றில் ஊறியிருக்கிறது. மேற்புறத்தைத் துடைத்து என்ன பயன்? கவனம் கூடக் கூட மொந்தன் கூடியிருக்கிறது. இலையை வாடாமல் வைப்பதற்கு இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரிந்த ஒரே வழி அதை வாழையிலையில் சுற்றுவது. வெற்றிலை, பூ, கறிவேப்பிலை எதுவானாலும் அப்படித்தான். வாழையிலையையே வாழையிலையில் சுற்றலாமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

மருமகள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும் இடம் பிடிக்கத் தள்ளிக்கொண்டிருந்தன. காலையில் நானே அறுத்துக்கறேம்பா என்று மட்டும் சொன்னாள்.

"ஏன், நான் அறுத்தா ஆவாதா?" என்றார் சம்பந்தி. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவர் மனசில் அடி பட்டுவிட்டது. "என்னால முடிஞ்ச படிப்பு வேலை இது ஒண்ணுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவிடம் அவளால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. நான் சொன்னேன். எனக்கு இதமாகச் சொல்ல வராது. டைம் ஆபீசில் அந்தப் பழக்கம் கிடையாது. அந்தக் கோடு செவ்வாழையுடையது இல்லை சம்பந்தி, நீங்கள் சுற்றிய மொந்தனுடையது என்று நேரடியாகச் சொன்னேன். கோட்டின் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். இரண்டு வம்சம், குடியேறிய வைரஸ், இருட்டாக இருக்க வேண்டிய இடம். பள்ளிக்கூட வேலை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நான் முடித்ததும் அவர் நாரை அவிழ்த்தார். இலையைப் பிரித்தார். உள்ளே இருந்த துண்டுகள் அப்போது பறித்தவைபோலப் பளிச்சென்று இருந்தன. அதுதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இத்தினி நாளா எங்க மொந்தனத்தான் படிச்சிக்கினு இருந்தியா பாப்பா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். அவர் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். குழாயடி ஈரமே இன்னும் காயவில்லை என்பதுபோலத் துடைத்தார். நான் மூட்டைகளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் அவர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடக்க, அவள் உறை போட்ட கையோடு பின்னால் போனாள். புது பிளேடு. மொந்தன் வரிசைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று சம்பந்தி காவலுக்கு நின்றார். என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார்; முந்தின நாள் மொந்தன் இலையில் சாப்பிட்டவன் நான். நீங்களும்தான் சாப்பிட்டீர்கள் என்றேன். "நான் கை கழுவிட்டேன்," என்றார். கவரின் வாயை அவள் மூடியபோது மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. பூவன் வெளிச்சம், மொந்தன் வெளிச்சம், கற்பூரவல்லி வெளிச்சம். செவ்வாழை இருந்த இடத்தில் கும்மிருட்டு. என் மனைவி கைபேசியை வாங்கி, அந்த இருட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்க ஊரு வாழை, நான் சொல்லலையா என்றாள். மருமகள் அதையே மூன்று முறை திரும்பச் செய்து காட்டினாள். பேராசிரியர் இந்த முறை ஒரே வாக்கியம்தான் சொன்னாராம். எழுதத் தொடங்கு.

சம்பந்திக்குப் படத்தை அனுப்பினோம். உடனே போன் செய்தார். மற்றவையெல்லாம் தெரிகிறது, நம் செவ்வாழையை மட்டும் காணோமே என்றார். அதுதான் வெற்றி என்று மருமகள் விளக்கினாள். ஒன்றுமே தெரியாத ஒரு இடத்துக்காக இத்தனை பாடா என்று அவருக்கு ஒரு பக்கம் வருத்தம்தான். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார். "எங்க வாழைக்குள்ள தோண்டுறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சி போச்சில்ல சம்பந்தி? உங்க வூட்டுப் பூவன்லதான் எல்லாம் இருக்குது. அங்கயே தோண்டிக்கிங்க." அதன்பின் என் பூவனைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம், உங்க பெர்மனென்ட் ஆளு சௌக்கியமா என்றுதான் கேட்பார். இந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்தினம் சம்பந்தி போன் செய்தார். நாளை முதல் பஸ்ஸில் பாப்பாவுக்குப் பூ அனுப்புகிறேன், இந்த முறை ஒரு தப்பும் நடக்காது என்றார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் ஒரு பையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தோம். உள்ளே வாழையிலையும் இல்லை, நாரும் இல்லை. மருமகள் முன்பு கொடுத்து மிஞ்சியிருந்த பிளாஸ்டிக் கவர்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு முழம் மல்லிகை. வாயை ஒழுங்காக அழுத்தி, காற்றுப் புகாமல் மூடியிருந்தார். பஸ் என்ஜின் சூட்டில் கவருக்குள் வியர்த்து, பூ அத்தனையும் பழுப்பாக வெந்து போயிருந்தது.

"பூவ யாராவது பிளாஸ்டிக்ல அடைப்பாங்களா?" என்று என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். தடையை நீக்கி வெகு நாளாகியிருந்தது. கடையில் வாழையிலையில் சுற்றிய பூ கிடைக்கும், வாங்கி வரவா என்று நான் கேட்டேன்.

மருமகள் வேண்டாம் என்றாள். ஆறு கவர்களையும் திறந்து, பூவை உதறி, அதில் கொஞ்சமாவது வெள்ளையாக இருந்ததைப் பொறுக்கித் தரச் சொன்னாள். அந்த வேலை என்னிடம் வந்தது. இருபத்து மூன்று மொட்டுகள் தேறின. என் மனைவி அவற்றை நூலில் நெருக்கமாகக் கட்டிக் கொடுத்தாள். ஒரு விரல் நீளம்கூட இல்லை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு மருமகள் பஸ் ஏறினாள். பஸ் கிளம்பியதும் சம்பந்திக்குப் போன் செய்தேன். பூ வாடாமல் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். எத்தனை முழம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறு என்று சொல்லியிருப்பேன்.